போத்தலின் அடியில் படிந்தது

உடப்புசல்லாவை
பெப்ரவரி 16, ஞாயிறு

ஸில்மியாவின் வாப்பாவுக்கு ரிஃப்னா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் மாமியும் மகளும் சுகமாக இருக்கிறோம். உங்கள் சுகத்தைத்தான் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். நேற்றுப் பார்க்க வந்தபோது கேட்க நினைத்த ஒன்றையும் கேட்க முடியவில்லை. கம்பி வலைக்கு இந்தப் பக்கம் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். உங்கள் உதடு அசைந்ததுதான் தெரிந்தது. போர்வை தந்தார்களா? கொண்டுவந்த சாப்பாடு கைக்கு வந்ததா? இந்தக் கடிதத்தை ஒட்டி சட்டத்தரணி ஐயா கையில் கொடுக்கிறேன். அவர் பிரிக்காமல் தருவதாகச் சொன்னார்.

முதலில் நீங்கள் கேட்க நினைக்கும் செய்தி. சோலைமலை அண்ணன் உயிரோடு இருக்கிறார். நுவரெலியா ஆஸ்பத்திரியில் இன்னும் நினைவு திரும்பவில்லை. கொண்டுபோன அன்று கண்மணி விரிந்து, நாக்கு உலர்ந்து, இல்லாத ஆட்களோடு பேசிக்கொண்டு கிடந்தாராம். அவரோடு கொண்டுபோன மற்ற இரண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் நம் கடைத் தேனைக் கொஞ்சமாகத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். சோலைமலை அண்ணன் இருமலுக்கென்று காலையும் மாலையும் ரொட்டியில் ஊற்றிச் சாப்பிட்டாராம். நம்மிடம் அந்தப் போத்தலை வாங்கிப்போன அவருடைய மனைவி அம்மாக்கண்ணு அக்கா ஆஸ்பத்திரிக்கும் தோட்டத்து லயத்து வீட்டுக்குமாக அலைகிறார். ஒரு நாள் பஸ் நிறுத்தத்தில் என்னைக் கண்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபித்துத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடையைத் திறக்கவில்லை. பொலிஸார் உங்களைக் கொண்டுபோன மறுநாள் ஷட்டரில் கல் விழுந்தது. ஒரு பக்கம் உள்ளே மடங்கிப்போயிருக்கிறது. யார் எறிந்தார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. மகளைப் பாடசாலைக்கு அனுப்பவில்லை. உங்க வாப்பா மருந்து கலந்தாராமே என்று ஒரு பிள்ளை கேட்டதாம். என்ன மருந்து என்று என்னிடம் வந்து கேட்கிறாள்.

ஆண்டியப்பன் அண்ணனின் தேனீப் பெட்டித் தேனை எத்தனை வருடமாக வாங்கி விற்கிறோம். ஒருவருக்குத் தலைவலிகூட வந்ததில்லை. பொலிஸாரிடமும் அதைத்தான் சொன்னேன். அதனால்தான் அவரைச் சந்தேகிக்கவில்லை என்கிறார்கள். தேன் அவரிடம் நல்லதாக இருந்து நம் கடையில் கெட்டுப்போனதாம்.

இனி எழுதப்போவதை வாசித்துவிட்டுக் கோபப்படாதீர்கள். கடைத் தட்டில் இருந்த போத்தல்களை எல்லாம் பொலிஸார் எடுத்துப்போனார்கள். ஆனால் அதே தடவை வந்த தேனில் ஒன்றை மாமிக்கென்று நீங்கள் வீட்டுக்குள் வைத்தீர்களே, அது அரிசி டின்னுக்குப் பின்னால் இருந்தது. சீனி வருத்தம் கூடியிருந்ததால் மாமி தொடவில்லை. அல்ஹம்துலில்லாஹ். மூடிகூடத் திறக்கவில்லை.

உங்கள் தம்பி றம்ஸான் அதைப் பார்த்ததும் வடிகானில் ஊற்றிவிடச் சொன்னான். வீட்டில் வைத்திருந்தால் என்னையும் கொண்டுபோவார்களாம். மாமியும் அதையே சொன்னார். நான் போத்தலை என் பிடவைகளுக்கு நடுவில் வைத்து அலுமாரியைப் பூட்டினேன்.

ஹட்டனில் என்னோடு உயர்தரம் படித்த தயானியை உங்களுக்கு நினைவிருக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து தபாலதிபராக வந்த நடராசா ஐயாவின் மகள். நம் கலியாணத்துக்குச் சிவப்புக் குடையோடு வந்தாளே, அவள்தான். இப்போது தலவாக்கலையில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள். தேயிலை மலையில் தேனீக்கள் எந்தெந்தப் பூவுக்குப் போகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் அவளுடைய வேலை. தேனீயின் பின்னால் ஓடிப்போய்ப் பார்ப்பதில்லை. தேனிலும் தேனீயின் காலிலும் ஒட்டியிருக்கும் மகரந்தத்தைப் பெரிதாக்கிப் பார்த்தே பூவின் பெயரைச் சொல்வாள். நேற்றிரவு தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். போத்தலைத் திறக்காமல் கொண்டுவரச் சொன்னாள்.

நாளை முதல் பஸ்ஸில் போகிறேன். நீங்கள் எதையும் கலக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. அவள் பார்த்துச் சொல்வதை என்னால் பிறகு மறைக்கவும் முடியாது. அதுதான் பயமாக இருக்கிறது. துஆச் செய்யுங்கள்.

உங்கள்
ரிஃப்னா


உடப்புசல்லாவை
பெப்ரவரி 19, புதன்

ஸில்மியாவின் வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தக் கடிதத்தை ஐயா கையில் கொடுக்கவில்லை. சிறைச்சாலை வாசலில் ஒட்டாமலே கொடுக்கிறேன். அங்கே யார் வாசித்தாலும் வாசிக்கட்டும். நாளை ஐயா ஒரு சத்தியக்கடதாசியோடு உங்களிடம் வருவார். அதற்கு முன் இது உங்களுக்குக் கிடைக்க வேண்டும். கிடைத்தால், கையெழுத்து வைப்பதற்கு முன் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

திங்கட்கிழமை நுவரெலியா போய் அங்கிருந்து தலவாக்கலைக்கு பஸ் மாறினேன். பக்கத்தில் இருந்த பெண் முன் சீற்றுக்காரியிடம் நம் கடையைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டு வந்தாள். பிள்ளை தங்காமலிருக்க மருந்து கலந்தார்களாம். அவள் முழங்கை இடித்துக்கொண்டிருந்த பைக்குள்தான் போத்தல் இருந்தது. இறங்கும்வரை யன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தயானி போத்தலைத் திறந்தாள். தேனில் கொஞ்சம் எடுத்து இளஞ்சூட்டு நீரில் கரைத்து, குழாய்களில் ஊற்றி, வேகமாகச் சுழலும் இயந்திரத்தில் வைத்தாள். நின்ற பிறகு பார்த்தால் குழாயின் அடியில் மங்கலான மஞ்சளாக ஒரு வண்டல் படிந்திருந்தது. கண்ணாடித் துண்டில் அதில் ஒரு துளி வைத்துச் சாயம் சேர்த்து நுணுக்குக்காட்டியில் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு எழுந்துபோய், பூக்களிலிருந்து அவளே எடுத்து வைத்திருக்கும் கண்ணாடித் துண்டுகளில் ஒன்றைக் கொண்டுவந்து ஒத்துப்பார்த்தாள்.

என்னையும் பார்க்கச் சொன்னாள். ஆண்டியப்பன் அண்ணனின் தேனில் வழக்கமாக நிறைந்திருக்க வேண்டியது யூக்கலிப்டஸ் மகரந்தமாம். சின்னச் சின்ன முக்கோணமாக இருக்கும். அது அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது. மேல்மலை யூக்கலிப்டஸ் மரங்களைப் போன வருடம் வெட்டி ஏற்றினார்களே, அதை நான் சொன்னதும் தலையாட்டினாள். முக்கோணங்களுக்கு இடையில், அவற்றைவிடப் பெரிதாக, உருண்டையாக, விரல் ரேகைபோல வரி வரியாக ஒன்று. பார்த்த இடமெல்லாம் அது. பூட்டிக் கிடக்கும் பழைய பங்களாவின் ஓடைக்கரையில் குழல் குழலாகத் தலைகீழாய்த் தொங்குமே வெள்ளைப் பூ, அந்த ஊமத்தை. மழையும் இல்லாமல் மரமும் இல்லாமல் போனதால் தேனீக்கள் அதைத் தேடிப் போயிருக்கின்றன. சோலைமலை அண்ணனுக்கு வந்த வருத்தம் ஊமத்தை நஞ்சின் வருத்தந்தானாம்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "உம்மட வீட்டுக்காரர் கலக்கேல்லை ரிஃப்னா. இலையையோ விதையையோ அரைச்சுப் போட்டிருந்தா அதின்ர துணுக்குகள் கண்ணில படும். ஒண்டும் இல்லை. இது தேனீ கொண்டுவந்தது."

நான் அழுதேன். அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு மிச்சத்தைச் சொன்னாள். மகரந்தம் பூவைத்தான் காட்டும், நஞ்சைக் காட்டாது. நஞ்சுக்கு வேறு சோதனை வேண்டும். அது கொழும்பிலிருந்து வர நாளாகும். அதோடு, இந்தப் போத்தலைக் கொண்டுவந்தவள் நான். கடைக்காரரின் மனைவி கொண்டுவந்த போத்தலை நீதிமன்றம் எப்படி நம்பும்? பெட்டியிலிருந்து எடுத்த அடை ஒரு துண்டு வேண்டும், அல்லது நம் கை படாத தேன் வேண்டும் என்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அது உறைத்தது. நஞ்சு நம் கடையில் சேரவில்லை என்றால் பெட்டியிலேயே இருக்கிறது. லயத்தில் எல்லோரும் நம் கடைத் தேனைத்தான் ஊற்றிவிட்டார்கள். ஆண்டியப்பன் அண்ணன் கையால் கொடுத்ததை நல்ல தேன் என்று பத்திரமாக வைத்திருப்பார்கள். அவருடைய மகள் ஜீவராணிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது. செவ்வாய்க்கிழமை பெயர் வைக்கிறார்கள் என்று அவளே முன்பு நம் கடையில் தொட்டில் சீலை வாங்கும்போது சொன்னாள். பிள்ளையின் நாக்கில் தொட்டு வைக்கத் தாத்தா தேன் எடுத்து வைத்திருப்பதாகவும் சொல்லியிருந்தாள்.

வீட்டுக்கு வந்து றம்ஸானிடம் தயானி கண்டதைச் சொன்னேன். பிள்ளையைப் பற்றிச் சொல்வதற்குள் அவன் முகம் தெளிந்துவிட்டது. "அப்ப நாம ஒண்டும் செய்யத் தேவையில்ல மதினி. ரெண்டு நாள் வாயை மூடிட்டு இருங்க. நம்ம கடைப்பக்கமே வராத ஒருத்தர் அங்க அந்தத் தேனால விழுந்தா, எங்கட நானா மறுநாளே வெளிய வந்துடுவார்" என்றான்.

உங்களிடம் மறைக்கவில்லை. அவன் சொன்னதை நானும் ஒருதரம் நினைத்துப் பார்த்தேன். நீங்கள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நிற்பதுவரை நினைத்துவிட்டேன். பிறகு பிள்ளையின் விஷயத்தைச் சொன்னேன். றம்ஸான் சாவியைக் கையில் எடுத்தான். எழுந்துபோய் ஓட்டோவை ஸ்டார்ட் செய்தான். நான் ஏறினேன்.

தோட்டத்து மேற்பிரிவில் நாங்கள் இறங்கியபோது பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மூடுபனி இறங்கிவிட்டது. முதலில் யாருக்கும் என்னைத் தெரியவில்லை. தெரிந்ததும் கூடைகளை இறக்கி வைத்தார்கள். வழியை மறித்து நாலைந்து ஆண்கள் நின்றார்கள். ஒருவன் ஓட்டோவின் கண்ணாடியில் தட்டி, திரும்பிப் போகச் சொன்னான். தண்ணீர்ப் பீலியடியில் இருந்த பெண்கள் குடத்தோடு வந்து சூழ்ந்துகொண்டார்கள். யாரோ என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். றம்ஸான் இறங்கப் பார்த்தான். இறங்காதே என்று சொன்னேன்.

அப்போது அம்மாக்கண்ணு அக்கா வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. எல்லோரும் அவருக்கு வழி விட்டார்கள்.

"எம்புருசன் இன்னும் கண்ணு முழிக்கல. இங்க வர ஒனக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை.

"ஜீவராணி பிள்ளைக்கு நாளைக்குத் தேன் தொட்டு வைப்பாங்க அக்கா. அந்தத் தேனிலயும் இருக்கு. அதைச் சொல்ல வந்தேன். சொல்லிட்டுப் போயிடுறேன்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். என்ன கண்டாரோ தெரியவில்லை. பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தார். ஒருவரும் மறிக்கவில்லை.

ஜீவராணி பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தாள். பித்தளைத் தட்டும் தேன் போத்தலும் சுவர்த் தட்டில் தயாராக இருந்தன. ஆண்டியப்பன் அண்ணன் வாசலில் நின்று என்னை உள்ளே விடமாட்டேன் என்றார். அவர் தேனைக் குறை சொல்லி உங்களைக் காப்பாற்ற வந்திருக்கிறேனாம். பெட்டியைத் திறந்த அன்றைக்கே அடையோடு தின்றாராம், அவருக்கு ஒன்றும் ஆகவில்லையாம். அவருடைய கோபம் நியாயமாகத்தான் பட்டது.

பதில் சொன்னது ஜீவராணி. தகப்பனைப் பார்க்காமல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு ராத்திரி செவுத்தோட பேசிக்கிட்டு இருந்தீங்களேப்பா. செத்துப்போன அம்மாவ தேத்தண்ணி ஊத்தித் தரச் சொன்னீங்க. நான் கசிப்புன்னு நெனச்சேன்."

"நானும் அப்படித்தாம்மா நெனச்சேன்" என்றார் ஆண்டியப்பன் அண்ணன். "ஆனா அன்னைக்கு நான் குடிக்கல."

அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தத் தேன் நம் கடைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அது விளங்கியது. அம்மாக்கண்ணு அக்கா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு வெளியே பார்த்தார்.

நான் ஜீவராணியிடம் போத்தலைக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவர் எழுந்து போனதை யாரும் கவனிக்கவில்லை. மண்ணெண்ணெய் வாசம் வந்த பிறகுதான் ஓடினோம். லயத்துக்குப் பின்னால் பெட்டிகள் அத்தனையும் எரிந்துகொண்டிருந்தன. ஒரு துண்டு அடையாவது எடுக்கலாம் என்று கிட்டப் போனேன். அம்மாக்கண்ணு அக்கா என்னைப் பிடித்து இழுத்துவிட்டார். புகைக்குள் சுற்றிய தேனீக்கள் எங்கே போவதென்று தெரியாமல் எங்கள் மேலேயே வந்து உட்கார்ந்தன. ஆண்டியப்பன் அண்ணன் பிள்ளையைப்போல் அழுதார். அவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை, உங்களை விடுவிக்க இருந்தது அந்த நெருப்பில்தான் போகிறது என்று தெரிந்தும்.

மிச்சம் இருந்தது ஜீவராணியின் கையில் இருந்த போத்தல்தான். அதைத் தந்தால் நீங்கள் வெளியே வரலாம், அவளுடைய அப்பா உள்ளே போகலாம். இரண்டும் அவளுக்குத் தெரிந்தது. அதை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு என்னிடம் கேட்டாள். "எங்கப்பா வேணும்னு செய்யல. ஒங்க வீட்டுக்காரரும் வேணும்னு செய்யல. ரெண்டையும் சேத்துச் சொல்லுவாங்களா அக்கா?"

சொல்வார்கள் என்றேன். தயானியைக் கேட்கவில்லை, உங்களைக் கேட்கவில்லை, ஐயாவைக் கேட்கவில்லை. உங்கள் பெயரிலும் சேர்த்து நானே வாக்குக் கொடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை தயானி லீவு போட்டுவிட்டு வந்தாள். கிராம உத்தியோகத்தரின் முன்னால் அந்தப் போத்தலில் சிறிதளவு எடுத்துக்கொண்டு, மிச்சத்தை முத்திரை வைத்துப் பொலிஸில் கொடுத்தோம். இன்று காலை அழைத்தாள். அதே உருண்டை, அதே வரி. தான் கண்டதை மட்டும் எழுதித் தருகிறாள். பூவின் பெயர் இருக்கும், ஒரு மனிதரின் பெயரும் இருக்காது. ஆஸ்பத்திரிக்கும் அவளே பேசினாள். அங்கேயும் அந்தச் சந்தேகத்தில்தான் மருந்து கொடுத்து வந்திருக்கிறார்கள். சோலைமலை அண்ணன் இன்று கண் விழித்துத் தண்ணீர் கேட்டாராம். அம்மாக்கண்ணு அக்கா ஆள் அனுப்பிச் சொன்னார். நம்மிடம் சொல்ல வேண்டுமென்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பிள்ளைக்குச் சீனித் தண்ணீர் தொட்டு வைத்துப் பெயர் வைத்தார்களாம்.

இனி சத்தியக்கடதாசிக்கு வருகிறேன். ஐயா நல்லவர், உங்களை வெளியே எடுப்பதுதான் அவருடைய வேலை. ஆண்டியப்பன் தேனில் எதையோ கலந்து தந்ததாக நீங்கள் சந்தேகிப்பதாய் எழுதியிருக்கிறார். அதில் நீங்கள் கையெழுத்து வைத்தால் வெள்ளிக்கிழமை வழக்குத் தவணையிலேயே பிணை கிடைக்கும் என்கிறார். வைக்காவிட்டால் கொழும்பு அறிக்கை வரும்வரை இழுக்கலாம். அதற்குள் நோன்பும் வந்துவிடும் என்று மாமி அழுகிறார். எனக்கும் கணக்குத் தெரியும். வீட்டில் உங்கள் சத்தம் இல்லாமல் எப்படி இருக்கிறது என்று நான் எழுதப்போவதில்லை.

ஆண்டியப்பன் அண்ணன் அன்றிலிருந்து யாரோடும் பேசுவதில்லையாம். ஆனால் வெள்ளிக்கிழமை வந்து, தேன் எடுத்த அன்று தனக்கு நடந்ததை நீதவானிடம் சொல்வதாக ஜீவராணியிடம் சொல்லியிருக்கிறார். அந்தக் கடதாசியைப் பற்றி அவருடைய காதிலும் விழுந்திருக்கிறது. கடை நானா என்ன சொல்லப்போகிறார் என்று மட்டும் கேட்டாராம். நான் பதில் சொல்லி அனுப்பவில்லை. அதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வெள்ளிக்கிழமை உங்களைக் கொண்டுவரும்போது அவர் நீதிமன்ற வாசலில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிற்பார். உங்களை நிமிர்ந்து பார்க்க அவருக்கு வெட்கமாக இருக்கும். அவர் முதலில் பேசட்டும் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள் முந்திக்கொண்டு சுகம் கேளுங்கள்.

அல்லாஹ் உங்கள் நாவுக்கும் கைக்கும் காவலாக இருப்பானாக.

உங்கள்
ரிஃப்னா